சம்பளமில்லாத லீவும் வேலைப் பாதுகாப்பும்
(தோட்டக் கிளைக் கூட்டத்தில் சிப்பந்திகள் சார்பில் நிகழ்த்திய உரை)



சம்பள உயர்வைப் பற்றிய கூட்டம் என்றால் கொட்டகை நிறைந்து வழியும். லீவைப் பற்றி, அதுவும் சம்பளமே இல்லாத லீவைப் பற்றிப் பேசப்போகிறோம் என்றதும், "காசில்லாத லீவுக்கு ஒரு கூட்டமா?" என்று சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நாம் இங்கே கேட்பது காசு அன்று. பெற்ற தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தால், நமது வேலை நமக்கு இருக்க வேண்டும். நாம் வெட்டிய நிரை இருக்க வேண்டும். நாம் குடியிருந்த வீட்டின் சாவி நம் கையில் இருக்க வேண்டும். பட்டணத்தில் வேலை போனவனுக்குச் சம்பளம் மட்டும்தான் போகிறது. தோட்டத்தில் வேலை போனவனுக்கு லயத்து வீடும் போகிறது, பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் மாறுகிறது. ஆகவே, காசில்லாத இந்த லீவு நமக்குச் சின்ன விஷயமாகாது.

அண்மையில் நம் காதுக்கு எட்டிய ஒரு சம்பவத்தைச் சொல்கிறோம். எந்தத் தோட்டம், யார் என்பது இங்கே வேண்டாம். பதினொரு வருஷம் பால்வெட்டிய ஒரு சகோதரி. வேறு மாநிலத்தில் இருந்த அவர் தாயாருக்குப் பக்கவாதம் என்று ஞாயிற்றுக்கிழமை இரவு போன் வந்தது. விடியற்கால பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார். போகிற அவசரத்தில் பக்கத்து வீட்டு அக்காளிடம், "மண்டோரிடம் சொல்லிவிடுங்கள், அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காளும் சொன்னார். மண்டோர் தலையை ஆட்டினார். ஆபீசுக்குச் சொல்ல மறந்தார். திங்கள் முதல் வியாழன் வரை செக்ரோலில் நான்கு நாள் வரவில்லை என்று குறி விழுந்தது. வெள்ளிக்கிழமை பெரட்டுக்கு வந்தவருக்கு வேலை கிடைக்கவில்லை, கடிதம்தான் கிடைத்தது. "வேலை ஒப்பந்தத்தை நீரே முறித்துக்கொண்டீர்" என்று அதில் எழுதியிருந்தது.

சங்கம் தலையிட்டது. ஆஸ்பத்திரிச் சீட்டு, பஸ் டிக்கெட்டு, பக்கத்து வீட்டு அக்காளின் வாக்குமூலம் எல்லாவற்றையும் மேசைமேல் வைத்துப் பேசியபின் மூன்று வாரம் கழித்து வேலை திரும்பக் கிடைத்தது. ஆனால் அந்த மூன்று வாரச் சம்பளம் கிடைக்கவில்லை. அவருடைய பழைய நிரையும் வேறொருவர் கைக்குப் போய்விட்டது. நான்கு வரிக் கடிதம் ஒன்று முன்பே இருந்திருந்தால் இவ்வளவும் நடந்திருக்காது.

அந்தக் கடிதத்தை நிர்வாகம் சும்மா எழுதிவிடவில்லை. சட்டத்தைப் பார்த்துத்தான் எழுதியது. தீபகற்பத்தில் நமக்குப் பொருந்துவது 1955ஆம் வருஷத்து வேலைச் சட்டம். அதன் 15ஆம் பிரிவு சொல்வதைக் கவனமாகக் கேளுங்கள். முன் அனுமதியில்லாமல் தொடர்ந்து இரண்டு வேலை நாளுக்கு மேல் வராதவர், ஒப்பந்தத்தை முறித்தவராகக் கருதப்படுவார். இரண்டு நாள் போய் மூன்றாம் நாள் பிறந்தாலே ஆபத்து. ஆனால் அதே பிரிவில் நமக்கு ஒரு கதவும் வைத்திருக்கிறார்கள். வராததற்குத் தகுந்த காரணம் இருந்து, அந்தக் காரணத்தை முன்கூட்டியோ, முடிந்த முதல் சந்தர்ப்பத்திலோ முதலாளிக்குத் தெரிவித்திருந்தால், அல்லது தெரிவிக்க முயன்றிருந்தால், முறித்ததாகாது.

காரணம், தகவல் ஆகிய இரண்டும் வேண்டும் என்பதை மறந்துவிடாதீர்கள். தாய் சாகக் கிடந்தாள் என்ற காரணம் எவ்வளவு பெரிதானாலும், தகவல் இல்லையென்றால் பாதிதான் கையில் இருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இந்த இரண்டாவது பாதியில்தான். "துக்கத்துக்குப் போகிறவன் பேப்பர் எழுதிக்கொண்டா இருப்பான்?" என்று கேட்கிறோம். அந்தக் கேள்வியில் உள்ள மனிதத்தன்மை நமக்குப் புரிகிறது. ஆனால் செக்ரோலுக்குப் புரியாது. செக்ரோல் எழுதுகிறவர்கள் என்ற முறையில் நாங்கள் இதை உறுதியாகவே சொல்லலாம்.

சரி, சட்டம் நமக்கு என்னென்ன லீவு தருகிறது? வருஷ லீவு இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குக் குறைந்த சேவைக்கு 8 நாள், இரண்டு முதல் ஐந்து வருஷம் வரை 12 நாள், அதற்கு மேல் 16 நாள். நோய் லீவு அதே வரிசையில் 14, 18, 22 நாள். ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் வருஷத்துக்கு 60 நாள். 2023 ஜனவரி முதல் இந்த 60 நாள் தனிக்கணக்கு, மற்ற நோய் லீவை இதில் கழிக்கக் கூடாது. பிரசவ லீவு அதே தேதியிலிருந்து 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்தது. தகப்பனுக்கும் 7 நாள் உண்டு. ஆனால் ஒரு வருஷச் சேவை இருக்க வேண்டும், எதிர்பார்க்கும் பிரசவத்துக்கு 30 நாள் முன்போ, குழந்தை பிறந்தபின் முடிந்த விரைவிலோ தெரிவிக்க வேண்டும். இவையெல்லாம் சம்பளத்தோடு கூடியவை.

இப்போது இல்லாததைச் சொல்கிறோம். தாய் தகப்பனைக் கவனிக்க, நோயுற்ற பிள்ளையோடு ஆஸ்பத்திரியில் இருக்க, கணவனின் பதினாறாம் நாள் காரியத்தை முடிக்க, சம்பளம் வேண்டாம், வேலை மட்டும் இருந்தால் போதும் என்று கேட்கும் உரிமை இந்தச் சட்டத்தில் எங்கும் எழுதப்படவில்லை. கூட்டு ஒப்பந்தத்தில் ஏதாவது இருந்தால் உண்டு. இல்லாவிட்டால் நிர்வாகியின் மனம். வேறு இடங்களில் நிலைமை இப்படியில்லை. அமெரிக்காவில் 1993இல் வந்த சட்டம், 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களில், தகுதியுள்ள தொழிலாளிக்கு வருஷத்துக்கு 12 வாரம் சம்பளமில்லாத லீவு தந்து, திரும்பி வரும்போது அதே வேலையையோ அதற்குச் சமமான வேலையையோ தரச் சொல்கிறது. பக்கத்திலிருக்கும் சிங்கப்பூரில், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தையைக் கவனிக்கப் பெற்றோர் ஒவ்வொருவருக்கும் இருந்த 6 நாள் சம்பளமில்லாத லீவு, 2024 ஜனவரியில் 12 நாளாயிற்று. நாம் கேட்பது வானத்து நட்சத்திரத்தை அன்று என்பதற்காக இதைச் சொன்னோம்.

ஒரு குழப்பத்தை இங்கேயே தீர்த்துவிட வேண்டும். பிள்ளைக்கு டெங்கி, ஆஸ்பத்திரியில் பிள்ளை பேரில் சீட்டுத் தருகிறார்கள். அதைக் கொண்டுவந்து ஆபீஸ் ஜன்னலில் நீட்டி, "எம்.சி. இருக்கிறது, கிராணி" என்கிறார் தாய். நோய் லீவு நோயுற்ற தொழிலாளிக்குத்தான். பிள்ளையின் சீட்டு அதற்குச் செல்லாது. ஆனால் அந்தச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். வராததற்குத் தகுந்த காரணம் இருந்தது என்பதற்கு அதைவிட நல்ல சான்று வேறில்லை. அதை வைத்து வருஷ லீவு கேளுங்கள். வருஷ லீவு தீர்ந்திருந்தால் சம்பளமில்லாத லீவு கேளுங்கள். சொந்த நோய் லீவாக இருந்தாலும், தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் நிர்வாகத்துக்குத் தெரிவிக்காவிட்டால், சீட்டு கையில் இருந்தும் அனுமதியின்றி வராதவராகவே கொள்ளப்படுவீர்கள் என்பதையும் நினைவில் வையுங்கள்.

கேட்பது எப்படி என்பதுதான் இன்றைய பேச்சின் நடுமுதுகு. வாயால் கேட்டால் போதாது. கடிதம் நீளமாக இருக்க வேண்டியதுமில்லை. கண்ணீரால் நனைய வேண்டியதுமில்லை. ஒரு மாதிரியை வாசிக்கிறோம்:

"ஐயா, நான் இத்தோட்டத்தின் இரண்டாம் பிரிவில் பால்வெட்டும் தொழிலாளி. என் தாயார் பக்கவாதத்தால் ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டிருக்கிறார். அவரைக் கவனிக்க என்னைத் தவிர வேறு ஆளில்லை. ஆகவே மார்ச் 3 முதல் மார்ச் 16 வரை எனக்குச் சம்பளமில்லாத லீவு தர வேண்டுகிறேன். மார்ச் 17 காலைப் பெரட்டுக்கு வேலைக்கு வந்துவிடுவேன். இந்த லீவினால் என் வேலையும், சேவைக் காலத்தின் தொடர்ச்சியும், குடியிருக்கும் வீடும் பாதிக்கப்படா என்று எழுத்தில் உறுதி செய்ய வேண்டுகிறேன். ஆஸ்பத்திரிக் கடிதத்தின் நகல் இத்துடன் உள்ளது. என் கைப்பேசி எண் கீழே உள்ளது."

பெயர், அடையாளக் கார்டு எண், தேதி, கையெழுத்து. அவ்வளவுதான். மலாய் மொழியில் எழுதினால் மேலிடம் வரை தடையில்லாமல் போகும். எழுத வராதவர்களுக்கு ஆபீசிலோ கிளையிலோ எழுதித் தரலாம்.

இதில் இரண்டு வரி முக்கியம். திரும்பி வரும் தேதி ஒன்று. "கொஞ்ச நாள் லீவு" என்று எழுதினால் எந்த நிர்வாகியும் தயங்குவார். அந்த நிரையை யார் வெட்டுவது என்பது அவர் கவலை. தேதி இருந்தால் மாற்று ஆளைப் போட அவரால் முடியும். முடிந்தால் நீங்களே, "இன்னார் என் நிரையைப் பார்த்துக்கொள்ள ஒப்புக்கொண்டிருக்கிறார்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அவசரமில்லாத ஆபரேஷன் போன்றவற்றை மரம் இலையுதிர்க்கும் மாதங்களுக்குத் தள்ளிவைக்க முடிந்தால், கேட்பதும் எளிது, கொடுப்பதும் எளிது. நோய் காலண்டர் பார்த்து வருவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். முடிகிற இடத்தில் சொல்கிறோம்.

மற்றது, வேலையும் சேவையும் வீடும் பாதிக்கப்படா என்று உறுதி கேட்கும் வரி. இதை எழுதப் பலர் கூச்சப்படுகிறார்கள். "லீவு கொடுப்பதே பெரிது, இதை வேறு கேட்டால் கோபித்துக்கொள்வார்" என்கிறார்கள். கோபிக்கிற நிர்வாகி, இந்த வரி இல்லாவிட்டாலும் பின்னால் கோபிக்கத்தான் போகிறார். கேளுங்கள். "சரி" என்று வாயால் சொன்னால், "நல்லதுங்க, அதையே கடிதத்தின் ஓரத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். நாள் போதவில்லை என்று தெரிந்தால், லீவு முடிவதற்குள் இரண்டாவது கடிதம் எழுதுங்கள். முதல் கடிதத்தை ஒழுங்காக எழுதிவிட்டு, நீட்டிப்பைக் கேட்காமலே இருந்து வேலை இழந்தவர்களும் உண்டு.

நள்ளிரவில் போன் வந்து உடனே புறப்பட நேர்ந்தால்? கைப்பேசி இருக்கிறதே! மண்டோருக்கும் ஆபீசுக்கும் வாட்சாப்பில் நான்கு வரி போடுங்கள்: என்ன நடந்தது, எங்கே போகிறேன், எப்போது வருவேன், கடிதம் பின்னால் வரும். அந்தச் செய்தியை அழிக்காதீர்கள். வேலை பறிபோகும் நாளில், தெரிவித்ததற்கும் தெரிவிக்க முயன்றதற்கும் அதுவே சான்று.

இனிச் சிப்பந்தி நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. கிராணி என்றால் நிர்வாகத்தின் ஆள் என்று லயத்தில் ஒரு பேச்சு நெடுங்காலமாக இருக்கிறது. அது முழுவதும் பொய் என்று சொல்ல நமக்கே வாய் வராது. ஆனால் நம் கையில் இருக்கும் பேனாவுக்கு ஒரு வேலை உண்டு. ஒரு தொழிலாளி கடிதத்தைக் கொண்டுவந்தால், வாங்கிய தேதியை நகலில் போட்டு, கையெழுத்திட்டு, முத்திரை குத்தித் திருப்பிக் கொடுங்கள். ஒரு நிமிஷ வேலை. நிர்வாகத்துக்கு விரோதமும் ஆகாது, எந்த உத்தரவுக்கும் மாறும் ஆகாது. அந்த முத்திரை இல்லாத காரணத்தால்தான் "கடிதமே வரவில்லை" என்ற பேச்சுக்கு இடம் உண்டாகிறது.

நமக்கும் இந்த லீவு தேவைப்படும் நாள் வரும்; அப்போது கணக்கைச் சரியாகப் பார்க்க வேண்டும். மாதச் சம்பளக்காரர் சம்பளமில்லாத லீவு எடுத்தால், அந்த மாதத்தின் மொத்த நாளால் வகுத்து, தகுதியுள்ள நாளால் பெருக்க வேண்டும் என்று 2023 முதல் நடப்பில் உள்ள 18ஏ பிரிவு சொல்கிறது. 2,400 வெள்ளிச் சம்பளம், 30 நாள் மாதம், 6 நாள் லீவு என்று வையுங்கள். 2,400ஐ 30ஆல் வகுத்து 24ஆல் பெருக்கினால் 1,920 வெள்ளி வர வேண்டும். பழைய பழக்கத்தில் 26ஆல் வகுத்துக் கழித்தால் 1,846 வெள்ளி 15 காசுதான் வரும். 73 வெள்ளி 85 காசு வித்தியாசம். ஒரு மூட்டை அரிசி வாங்கிவிடலாம்.

தினச்சம்பளக்காரருக்குக் கணக்கு எளிது: வெட்டாத நாளுக்குக் காசில்லை. ஆனால் இன்னொன்று இருக்கிறது. பொது விடுமுறைக்கு முதல் நாளோ மறுநாளோ அனுமதியும் தகுந்த காரணமும் இல்லாமல் வராவிட்டால், அந்த விடுமுறைச் சம்பளமும் போகும். தீபாவளிக்குப் பக்கத்தில் ஊருக்குப் போகிறவர்கள் இதைக் கவனியுங்கள். சம்பளமில்லாத நாளுக்குச் சேமநிதிக் கட்டணமும் விழாது. கூட்டுறவுக் கடனும் கடைக் கணக்கும் மட்டும் நிற்காமல் ஓடும். எத்தனை நாள் வேண்டும் என்பதோடு எத்தனை நாள் தாங்கும் என்பதையும் வீட்டில் உட்கார்ந்து பேசிவிட்டுத் தேதியை எழுதுங்கள்.

எல்லாக் கஷ்டத்துக்கும் நீண்ட லீவு மருந்தாகாது. சிறுநீரக நோய்க்கு இரத்தம் சுத்தம் செய்கிறவர்கள் வாரத்துக்கு மூன்று தடவை, ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் படுக்க வேண்டும். கணவனை அப்படி அழைத்துப் போகும் மனைவிக்கு இரண்டு மாத லீவால் என்ன பயன்? அவருக்கு வேண்டியது வேலை நேரத்தில் ஒரு மாற்றம். இதற்கு 2023 முதல் சட்டத்தில் வழி உண்டு. வேலை நேரத்தையோ, நாளையோ, இடத்தையோ மாற்றித் தரும்படி எழுத்தில் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்தில் பதில் தர வேண்டும். மறுத்தால் காரணம் சொல்ல வேண்டும். விடியற்காலையில் வெட்ட வேண்டிய மரத்தை மத்தியானம் வெட்ட முடியாது என்பது உண்மை. ஆனால் ஸ்டோரிலோ, ஆயாக் கொட்டகையிலோ, காட்டு வேலையிலோ சில நாள் மாற்றிப் போட முடியாதா என்று கேட்கலாம். நாம் அறிந்தவரை இதைக் கேட்டவர்கள் தோட்டங்களில் மிகச் சிலரே.

வேலையிலே அடிபட்டுப் பெர்க்கேசோவின் தற்காலிக முடத்தன்மை உதவித்தொகை பெற்றுவரும் காலத்தில், முதலாளி அவரை வேலையிலிருந்து நீக்கக் கூடாது. பிரசவ லீவு முடிந்தும் பிரசவத்தால் வந்த நோய் தீராமல், டாக்டர் சீட்டோடு வீட்டிலிருக்கும் தாயையும் 90 நாள் கடக்கும்வரை நீக்கக் கூடாது. இந்த இரண்டு நிலைமைகளுக்கும் எழுதிய பாதுகாப்பு இருக்கிறது. இதைத் தெரியாமல் பயந்துபோய்த் தாமே ராஜினாமாக் கடிதத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவு செய்தும் வேலை போய்விட்டால்? 1967ஆம் வருஷத்துத் தொழில் உறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின்படி, நீக்கிய நாளிலிருந்து 60 நாளுக்குள் தொழில் உறவு இலாகாவில் மனுக் கொடுக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் 60, முதலாளி பதிலுக்கு 60, இந்த மனுவுக்கு 60. மூன்று அறுபதையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். கடைசி அறுபதைத் தவறவிட்டால் பிறகு வழக்குக் கொண்டுபோக இடமில்லை. கடிதம் கிடைத்த அன்றே கிளைக்கு வாருங்கள். "துக்கம் முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம்.

நம் பாட்டன் பூட்டன் காலத்தையும் ஒரு நிமிஷம் நினைத்துப் பார்ப்போம். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் ரஜூலா கப்பல் ஓடிய காலம் அது. ஊரில் தாய்க்குக் கடுமை என்று கடிதம் வரும்போதே வாரங்கள் கழிந்திருக்கும். கப்பலில் ஒரு வாரம் போகவேண்டும், ஒரு வாரம் திரும்பவேண்டும். துரை ஒப்பாவிட்டால் போக முடியாது. ஒப்பினாலும் திரும்பி வரும்போது இடம் இருக்குமோ என்ற நடுக்கம். மனதுக்குள்ளேயே ஒப்பாரி வைத்துவிட்டு மறுநாள் பெரட்டுக்கு நின்றவர்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்!

இன்றைக்கு நம் பக்கத்து நிரையில் வெட்டும் இந்தோனேசியத் தோழரும் வங்காளதேசத் தோழரும் அதே இடத்தில் நிற்கிறார்கள். தகப்பன் செத்த செய்தி கைப்பேசியில் உடனே வந்துவிடுகிறது, போவதற்குத்தான் வழியில்லை. பர்மிட்டு இருக்கிறது, திரும்ப எடுத்துக்கொள்ளும் உறுதி இல்லை. இந்த வேலைச் சட்டம் அவர்களுக்கும் பொருந்தும். நம் கிளையில் அவர்களுக்கும் கடிதம் எழுதித் தர வேண்டும். அவர்களைத் தவிர்த்துவிட்டு நாம் மட்டும் கேட்டால், லீவில் போன நம் நிரைக்கு நிர்வாகம் அவர்களையே கொண்டுவந்து நிறுத்தும்.

சட்டத்தைவிடக் கூடுதலான நன்மையைக் கூட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ள வேலைச் சட்டமே இடம் தருகிறது. குறைவாக எழுதினால்தான் செல்லாது. ஆகவே அடுத்த பேச்சுவார்த்தைக்கு இந்தக் கிளையிலிருந்து ஒரு தீர்மானம் போக வேண்டும் என்று முன்மொழிகிறோம். கணவன், மனைவி, பிள்ளை, பெற்றோர், மாமனார் மாமியார் ஆகியோரின் கடும் நோய்க்கும் மரணத்துக்கும் வருஷத்துக்கு 30 நாள் வரை சம்பளமில்லாத லீவு. அந்தக் காலத்தில் வீட்டைக் காலி செய்யச் சொல்லக் கூடாது. திரும்பியவருக்கு அதே நிரை. அது முடியாவிட்டால் அதே வருமானம் தரும் நிரை. நிர்வாகத்தின் பதில் மூன்று நாளுக்குள் எழுத்தில். மாமனார் மாமியார் எதற்கு என்று கமிட்டியில் ஒரு வாதம் நடந்தது. அவர்களைக் கவனிப்பது யார் என்று நம் வீட்டுப் பெண்களைக் கேளுங்கள் என்று சொல்லி அதை முடித்துவிட்டோம். 30 நாள் போதுமா, அதிகமா என்பதை நீங்கள் பேசி முடிவு செய்யுங்கள்.

தீர்மானத் தாளும் மாதிரிக் கடிதத்தின் பிரதிகளும் செயலாளர் மேசையில் இருக்கின்றன. மலாய்ப் பிரதி பின்பக்கத்தில். மழை வருவதற்குள் பெண்கள் வரிசையிலிருந்து தொடங்கிக் கையெழுத்து வாங்கிவிடுவோம்.